பாட்டு நோட்டு

1954ன் கடைசியில் அப்பா அம்பாசமுத்திரத்திலிருந்து மட்டாஞ்சேரி வந்து இறங்கியபோது, ஜூதத் தெருவில் வாடகைக்கு வீடு சுலபமாகக் கிடைத்ததாம். கிட்டங்கியில் சுக்குக் கணக்கு எழுதும் வேலை. அந்தச் சம்பளத்துக்கு ஓடு வேய்ந்த மச்சு வீடு என்றதும் அப்பாவுக்குச் சந்தேகம். பேய் கீய் இருக்குமோ என்று பக்கத்துக் கடையில் விசாரித்திருக்கிறார். கடைக்காரர் சிரித்துவிட்டு, "ஆளெல்லாம் இஸ்ரேலுக்குப் போறாங்க அண்ணாச்சி" என்றாராம். தெருவின் தென்பாதி மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. பம்பாய் வரைக்கும் ரயில், அங்கிருந்து அக்கரை. கொச்சி, எர்ணாகுளம், பரவூர், சேந்தமங்கலம், மாளா என்று சுற்றுவட்டார ஊர்களிலிருந்து அந்தச் சில வருடங்களில் கிளம்பியவர்கள் ஏறக்குறைய 2,400 பேர்.

எங்களுக்குக் கிடைத்த வீட்டின் வாசல் நிலையில், வலது பக்கம், ஒரு தடமும் இரண்டு ஆணி ஓட்டைகளும் இருந்தன. வேத வாக்கியம் எழுதிய தோல் சுருளைச் சின்னக் குழலில் வைத்து அங்கே அறைந்திருப்பார்கள். மெசூசா என்று பெயர். போகும்போது கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். வெள்ளிக்கிழமை நிலைக்கு மஞ்சள் குங்குமம் வைக்கும் அம்மா, அந்த ஒரு சாண் இடத்தை மட்டும் விட்டுவிடுவாள். "அது அவங்க சாமி இருந்த இடம்டி" என்பாள். இருபது வருஷம் நாங்கள் அந்த வீட்டில் இருந்தோம். ஒரு நாள்கூட அம்மாவின் விரல் அங்கே பட்டதில்லை.

யாரும் அவர்களை விரட்டவில்லை. ஐரோப்பாவில் யூதர்கள் பட்ட பாட்டைப் படித்துவிட்டு அதே கண்ணோடு மட்டாஞ்சேரிக்கு வருகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு இது ஏமாற்றமாகக்கூட இருக்கும். கொச்சி ராஜா தன் அரண்மனைக்குப் பக்கத்திலேயே 1568ல் பரதேசிப் பள்ளி என்ற யூத வழிபாட்டுக்கூடம் கட்ட இடம் கொடுத்தவர். ஜூதப் பள்ளி என்றுதான் நாங்கள் சொல்வோம்; சினகாக் என்பது சுற்றுலாக்காரர் வாயில் வரும் பெயர். பழையன்னூர் பகவதி கோயில் மணியும் பள்ளியின் எபிரேயப் பிரார்த்தனையும் அடுத்தடுத்துக் கேட்கும். 1662ல் அந்தப் பள்ளியைச் சூறையாடியவர்கள் போர்ச்சுகீசியர்கள். அதைச் சீர் செய்து எழுப்ப வழி பிறந்தது டச்சுக்காரர்கள் வந்த பிறகு. அதற்கெல்லாம் முந்தி, கி.பி. 1000 வாக்கில், பாஸ்கர ரவிவர்மன் என்ற சேர அரசன் ஜோசப் ராபன் என்ற யூதத் தலைவருக்குச் செப்பேடு கொடுத்திருக்கிறான். பகல் விளக்கு, பல்லக்கு, குடை, பறை என்று 72 உரிமைகள். எழுத்து வட்டெழுத்து. நம் ஊர்க் கல்வெட்டுகளில் பழகிய கண்ணுக்கு அந்நியமாகவே தெரியாது. இவ்வளவும் இருந்தும் கிளம்பினார்கள். தலைமுறை தலைமுறையாக 'அடுத்த வருடம் ஜெருசலேமில்' என்று வேண்டிக்கொண்டவர்கள், கதவு திறந்ததும் போனார்கள். அவ்வளவு எளிமையான காரணம். அதனாலேயே எனக்கு இன்றும் சரியாகப் பிடிபடாத காரணம்.

எல்லோராலும் போக முடியவில்லை. கொச்சிக்கு அப்போது யானைக்கால் ஊர் என்று பெயர். அந்த நோய் வந்து பரவிவிடுமோ என்று இஸ்ரேல் சுகாதார அதிகாரிகள் பயந்ததில், கொச்சிக்காரர்களின் பயணமே தாமதப்பட்டது. எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி ஒரு அம்மாவும் மகளும் தங்கிப்போனதற்கும் அந்தக் கால்தான் காரணம். தம்பிமார் குடும்பத்தோடு போய்விட, வீங்கிய காலோடு இருந்த தாயைப் பார்த்துக்கொள்ள மகள் நின்றுவிட்டார். அம்மா அவரைச் சேச்சி என்று கூப்பிடுவாள். எனக்கு ஆன்ட்டி.

நான் பிறந்து வளர்ந்து விவரம் தெரிந்த எழுபதுகளில் அந்தத் தாய் இல்லை. ஆன்ட்டி மட்டும் தனியாக, லுங்கியும் ஜாக்கெட்டுமாக, எந்நேரமும் எதையாவது தேய்த்துக் கழுவிக்கொண்டிருப்பார். பெசஹா பண்டிகைக்கு இரண்டு மூன்று மாதம் இருக்கும்போதே அரிசி பொறுக்க ஆரம்பித்துவிடுவார். முறத்தில் கொட்டி, ஒவ்வொரு மணியாக, உடைசல் ஒன்று விடாமல் எடுப்பார். ஒரு முறை பார்த்த அரிசியை இன்னொரு முறை, பிறகு இன்னொரு முறை. கிணற்றை இறைத்து உள்ளே ஆள் இறக்கித் தேய்க்கச் சொல்வார். அந்த எட்டு நாளுக்கென்று தனிப் பாத்திரம் பூட்டிய அறையில் இருக்கும். எங்கள் வீட்டில் அவர் காப்பிகூடக் குடித்ததில்லை. கொடுத்தால் வாழைப்பழம் வாங்கிக்கொள்வார், அதையும் தன் கையாலேயே உரிப்பார். அம்மாவுக்கு இதில் வருத்தமே கிடையாது. அவள் பிறந்த வீட்டிலும் மடி, ஆசாரம் என்று இதில் பாதியாவது இருந்தது. இரண்டு பேருக்கும் அந்த விஷயத்தில் பேச நிறைய இருந்தது.

தெருவின் சத்தம் வேறு மாதிரி. மிளகு வியாபாரச் சங்கத்தின் மாடியில் தரகர்கள் கத்திக் கத்தி விலை பேசுவது தெருவுக்கே கேட்கும். கிட்டங்கிகளில் சுக்கு புடைப்பார்கள். தூசி எழும்பித் தெருவே தும்மும். வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் ஆன்ட்டி வீட்டில் தொங்கு விளக்கில் தேங்காய் எண்ணெய் ஊற்றித் திரி ஏற்றுவார். அதற்குப் பிறகு சனிக்கிழமை நட்சத்திரம் தெரியும் வரை அடுப்பு கிடையாது, தையல் கிடையாது, பென்சிலைத் தொடக் கூடாது.

பென்சில் பற்றி எனக்குத் தெரியக் காரணம் உண்டு. எட்டாம் வகுப்பில் என் மலையாளக் கையெழுத்து பள்ளிக்கூடத்திலேயே பேர் போனது. ஆன்ட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை கோடு போட்ட புது நோட்டு ஒன்றை வாங்கிவந்து என் முன்னால் வைத்தார். அதற்குப் பக்கத்தில், துணியில் சுற்றிய பழைய நோட்டு. அவருடைய பாட்டி எழுதியது. தையல் விட்டுப்போய், ராமபாணப் பூச்சி அரித்து, திருப்பினால் உதிர்ந்தது. "மோளே, இது முழுக்கப் பகர்த்தணும்" என்றார்.

எல்லாம் பாட்டு. கல்யாணப் பெண்ணைப் புகழும் பாட்டு, மாப்பிள்ளை வரும்போது பாடுவது, கிளியைக் கூப்பிட்டுப் பேசும் பாட்டு, யோசேப்பை அண்ணன்மார் குழியில் தள்ளிய கதை, எஸ்தர் ராணி கதை, இன்ன ஊர்ப் பள்ளியை இன்னார் கட்டினார் என்ற வரலாறு, செப்பேடு வாங்கிய ஜோசப் ராபன்கூட அதில் வருவார். பள்ளியில் எபிரேய வேதம் வாசிப்பது ஆண்களின் பொறுப்பு.  மலையாளத்தில் இருந்ததை எல்லாம் பெண்கள் பார்த்துக்கொண்டார்கள். வேறு பல ஊர்களில் ஆசாரமான யூத ஆண்கள், பெண் பாடினால் காதில் வாங்கக் கூடாது என்பார்கள். கொச்சியில் அந்தக் கட்டுப்பாடே இல்லை. கல்யாண வீட்டில் பெண்கள் கூட்டமாக நின்று பாட, ஆண்கள் உட்கார்ந்து கேட்பார்கள். தாலி கட்டும் வழக்கமும் அவர்களிடம் இருந்தது. அதைச் சொன்னால் இங்கே பலர் நம்புவதில்லை.

பழைய நோட்டில் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி கிடையாது, புள்ளி கிடையாது. பூச்சி தின்ற இடத்தில் ஓட்டை. நான் எழுதிக்கொண்டே வந்து ஓட்டையில் நின்றுவிடுவேன். "எந்து?" என்பார் ஆன்ட்டி. கண்ணை மூடிக்கொள்வார். அந்த இடத்திலிருந்து அவருக்குச் சொல்லத் தெரியாது. பாட்டை முதலிலிருந்து பாட வேண்டும். நடு வழியில் நான் எழுந்து போனால் திரும்பவும் முதலிலிருந்து. அரிசி பொறுக்கும் கை நிற்காமல், மெல்லிய, கொஞ்சம் மூக்கில் பேசுகிற குரலில் பாடிக்கொண்டே வருவார். ஓட்டை இருந்த வரி வந்ததும் சொல் தானாக விழும். விழுந்த உடனே முகத்தில் ஒரு வெற்றிச் சிரிப்பு. ஓரிரு இடங்களில் விழவில்லை. அங்கே ஒரு விரல் அகலம் விடச் சொன்னார். இஸ்ரேலில் நெவாத்தீம் என்ற ஊரில் பெரிய நாத்தனார் இருக்கிறாள், அவளுக்குத் தெரியும் என்றார்.

பாட்டெல்லாம் முடிந்து நாலைந்து பக்கம் மிஞ்சியது. காகிதத்தை வீணாக்குவது அவருக்கு ஆகாது. பேஸ்டல் பக்குவம், சுட்டுள்ளி மீன் பக்குவம், இறைச்சிக் குழம்புக்குத் தேங்காய்ப் பால் கணக்கு என்று சொல்லச் சொல்ல எழுதினேன். இறைச்சியோடு பாலோ தயிரோ சேரக் கூடாது என்பது அவர்கள் வேத விதி. தேங்காய்ப் பால் இருக்கும் நாட்டில் அது ஒரு கஷ்டமாகவே இருந்திருக்காது. பேஸ்டல் என்பது நம் சோமாசி மாதிரி மடித்துப் பொரிப்பது, உள்ளே கோழியும் முட்டையும் வைப்பார்கள். எங்களுக்காக முட்டைக்கோஸ் வைத்து ஒரு தனி வகை செய்து தருவார். அதையும் எழுதச் சொன்னார்.

அந்தத் தெருவை நினைத்து ஏங்கும்போது நான் மறக்கப் பார்க்கிற ஒரு விஷயம் உண்டு. ஆன்ட்டி வடக்குக் கோடியிலிருந்த பரதேசிப் பள்ளிக்குப் போக மாட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "அது அவருடெ பள்ளி" என்றார். அவர் குடும்பத்தின் பள்ளி கடவும்பாகம். 16ஆம் நூற்றாண்டில் கட்டியது. 1955க்குப் பிறகு அங்கே வழிபாடு நின்றுபோனது. ஸ்பெயினிலிருந்தும் மேற்காசியாவிலிருந்தும் வந்த பரதேசிகள் தங்களை வெள்ளையர் என்று சொல்லிக்கொண்டு, மலபார் யூதர்களோடு பெண் கொடுத்துப் பெண் எடுக்காமல் இருந்தார்கள். அவர்களுடைய பள்ளியிலேயே, முன்னொரு காலத்தில் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்களின் வம்சத்தார் உள்ளே சமமாக உட்கார முடியாமல் இருந்தது. அந்த வம்சத்தில் பிறந்து, மெட்ராஸில் படித்து வக்கீலான ஏ. பி. சேலம், காந்தியின் சத்தியாக்கிரகத்தையே தன் மக்களின் வழிபாட்டு இடத்துக்குள் கொண்டுபோனார். யூத காந்தி என்று அவருக்குப் பெயர் வந்தது. 1950ல் அவர் மகன் பரதேசிக் குடும்பத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டபோது, கல்யாணத்தை பம்பாயில் போய் நடத்த வேண்டியிருந்தது. ஜாதி என்றால் என்னவென்று நமக்கு யாரும் விளக்க வேண்டாம். காற்றோடு ஒட்டிக்கொண்டுவிடும் போலிருக்கிறது.

இதையெல்லாம் உள்ளிருந்து எழுதியவர் ரூபி டேனியல். 1912ல் கொச்சியில் பிறந்தவர். அதே விடுதலை பெற்ற வம்சம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்தியக் கடற்படையின் பெண்கள் பிரிவில் சேர்ந்தவர். 1951ல் இஸ்ரேல் போய் வடக்கே நெயோத் மொர்தகாய் என்ற கூட்டுப்பண்ணையில் குடியேறினார். அங்கே சுற்றியிருந்தவர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய யூதர்கள், வழிபாட்டில் பெரிய ஈடுபாடு இல்லாதவர்கள். அந்த இடத்தில் உட்கார்ந்து, பாட்டி சொன்ன பேய்க் கதையிலிருந்து பள்ளியில் பட்ட அவமானம் வரை எழுதிவைத்தார். பாட்டுகளையும் ஆங்கிலத்தில் பெயர்த்தார். மானிடவியலாளர் பார்பரா ஜான்சனோடு சேர்ந்து 1995ல் 'ரூபி ஆஃப் கொச்சின்' புத்தகமாக வந்தது. செப்பேட்டைப் பற்றியும் பரதேசிப் பள்ளித் தரையின் ஓடுகளைப் பற்றியும் எழுதியவர்கள் எத்தனையோ பேர். இந்தத் தெருவைப் பற்றி ஒரே ஒரு புத்தகம்தான் படிப்பேன் என்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

எழுபதுகளின் கடைசியில் ஆன்ட்டியும் கிளம்பினார். நெவாத்தீம் தெற்கே, நெகேவ் பாலைவனத்தில், பீர்ஷெபாவுக்குப் பக்கம். அங்கிருந்து நீல ஏரோகிராம்கள் வரும். அம்மாவுக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது, நான்தான் வாசிப்பேன். மழையே இல்லை என்று எழுதுவார். தம்பி கண்ணாடிக் கூரைக்கடியில் பூ வளர்க்கிறான், அது விமானத்தில் ஐரோப்பா போகிறது என்று எழுதுவார். கொச்சிக்காரர்கள் அந்த மணலில் மலர் விவசாயத்தில் பேர் எடுத்தது உண்மை. சேந்தமங்கலத்திலிருந்து போன எலியாஹு பெசலேல் அதற்காகவே பின்னாளில் இந்திய அரசின் பிரவாசி பாரதிய சம்மான் விருது வாங்கினார். குடம்புளி அனுப்ப முடியுமா என்று ஒரு கடிதம். பாட்டைப் பற்றி ஒரே ஒரு முறை எழுதியிருந்தார்: இங்கே பிள்ளைகள் எபிரேயம்தான் பேசுகிறார்கள், மலையாளத்தில் பாடினால் கூச்சப்படுகிறார்கள், நாத்தனாரும் மறந்துவிட்டாள். விரல் அகல இடங்கள் காலியாகவே இருக்கின்றன என்று. சில வருடம் கழித்துக் கடிதம் நின்றது.

அவர் சொன்னதுதான் அங்கே பொதுவாக நடந்ததும். புது நாட்டில் ஒரே மொழி, ஒரே அடையாளம் என்ற வேகத்தில் பாட்டு நோட்டுகள் பெட்டிக்குள் போயின. ஆனால் எழுபதுகளிலேயே பார்பரா ஜான்சன், ஷெர்லி ஐசன்பர்க், இங்கே கேரளத்தில் பி. எம். ஜுஸ்ஸே போன்றவர்கள் வீடு வீடாகப் போய் நோட்டுகளைத் தேடத் தொடங்கியிருந்தார்கள். ஏறக்குறைய 300 பாட்டு தேறியது. வயதான பெண்கள் மறுபடியும் கூடிப் பாட ஆரம்பித்தார்கள். 2004ல் ஜெருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தின் யூத இசை ஆய்வு மையம் 'ஓ, லவ்லி பாரட்!' என்று ஒரு குறுந்தகடு வெளியிட்டது. மறு வருடம் ஸ்கரியா சக்கரியாவும் ஒஃபிரா கம்லியேலும் பதிப்பித்த 'கார்குழலி' வந்தது. மலையாளப் பாட்டும் எபிரேய மொழிபெயர்ப்பும் எதிரெதிர் பக்கத்தில்.

மட்டாஞ்சேரியில் மிஞ்சியது வேறு கதை. கடவும்பாகம் பள்ளியின் மர வேலைப்பாட்டை 1991ல் வாங்கிப் பிரித்துக்கொண்டுபோய் ஜெருசலேமில் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் பொருத்திவிட்டார்கள். செதுக்கி வண்ணம் தீட்டிய கூரை அங்கே பத்திரமாக இருக்கிறது. சுவர் இங்கேயே நின்றது. கிடங்காக இருந்து, 2019ல் மழையில் இடிந்து விழுந்தது. கொண்டுபோனவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. இங்கேயே விட்டிருந்தால் கூரையும் சேர்ந்துதான் விழுந்திருக்கும். அதே 2019ல் சாரா கோஹன் 96 வயதில் போனார். சினகாக் லேனில் தன் வீட்டு முன்னறையிலேயே எம்பிராய்டரிக் கடை வைத்திருந்தவர். சப்பாத் என்னும் ஓய்வுநாள் ரொட்டியை மூடும் துணி, கிப்பா குல்லா எல்லாம் கைவேலை. கடைசிவரை அவரைப் பார்த்துக்கொண்டவர் தாஹா இப்ராஹிம் என்ற முஸ்லிம். கடையையும் அவர்தான் தொடர்ந்து நடத்தினார். ஜூதக் குல்லா தைக்கும் கை இப்போது அவருடையது. எபிரேய எழுத்தை ஓவியமாக எழுதுகிற தௌஃபீக் சக்கரியாவும் கொச்சி முஸ்லிம்தான். கேரளத்திலிருந்து போன குடும்பத்தில் பிறந்த மெய்தாத் எலியாஹு என்ற இஸ்ரேலிய ஓவியர் 2018ல் மட்டாஞ்சேரிக்கு வந்து இவரோடு சேர்ந்து கண்காட்சி வைத்தார். முன்னோர் விட்டுப்போன நாட்டை ஒருவர் தேடிவர, கூடச் சேர்ந்து நின்றவர் இவர்.

சென்னையில் இப்போது நான் இருக்கும் இடத்திலிருந்து பவளக்காரத் தெரு அதிக தூரமில்லை. 17ஆம் நூற்றாண்டில் லண்டன் வழியாக வந்த போர்ச்சுகீசிய யூதர்கள் அங்கே பவளத்துக்கு வைரம் மாற்றிய இடம். தெருப் பெயர் மட்டும் இருக்கிறது. 1687ல் இறந்த ஜாக் டி பைவாவின் கல்லறைக் கல் பெத்துநாயக்கன்பேட்டையிலிருந்து இடம் மாறி, லாயிட்ஸ் சாலை இடுகாட்டில் நிற்கிறது. ஒரு பாட்டு கிடையாது, ஒரு பலகாரம் கிடையாது.  இந்தத் தெரு வழியாகப் போகும்போதெல்லாம் அந்தப் பழைய நோட்டின் அருமை எனக்கு உறைக்கும்.

பரதேசிப் பள்ளியில் வழிகாட்டிகள் ஓடு கதையைச் சொல்லி மாய்வார்கள். 18ஆம் நூற்றாண்டில் சீனத்திலிருந்து வந்த நீலமும் வெள்ளையுமான ஓடுகள். ராஜாதான் முதலில் வாங்கினாராம், மாட்டு ரத்தம் கலந்தது என்று யாரோ காதில் போட்டதும் யூதர்களுக்குக் கொடுத்துவிட்டாராம். நல்ல கதைதான், எங்கள் தெருவில் எல்லோருக்கும் பிடித்த கதை. அதைச் சொல்லும்போது யாரும் தலையைத் தூக்கி மேலே காட்டுவதில்லை. மாடியில் மரச் சட்டத்துக்குப் பின்னால் பெண்கள் உட்காரும் இடம். அங்கே அவர்கள் உட்கார்ந்தார்கள், மலையாளப் பாட்டைப் பாடியது பெரும்பாலும் வீடுகளில். குறுந்தகட்டிலிருந்து ஒரு பாட்டை அந்தச் சந்தில் யாராவது ஒலிக்கவிட்டால் என்ன? பழம்பொருள் கடைக்காரர்கள் ஹிந்திப் பாட்டு போடுகிறார்களே.

குறுந்தகட்டை நான் கேட்டிருக்கிறேன். ஒரு கிளிப் பாட்டில், நான் விரல் அகலம் இடம் விட்ட அதே வரியில், அந்தப் பெண்கள் தயங்காமல் ஒரு சொல்லைப் பாடிக் கடந்துபோனார்கள். எங்கோ ஒரு வீட்டு நோட்டில் பூச்சி அந்த இடத்தைத் தின்னாமல் விட்டிருக்கிறது. ஆன்ட்டிக்கு எழுதிச் சொல்ல முகவரி இல்லை. ஆனால் அவருடைய தம்பி பேரப்பிள்ளைகள் யாராவது அங்கே இருப்பார்கள். நீல அட்டை போட்ட, கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டு. உருண்டை உருண்டையான மலையாளம். பரணில் கிடந்தால் பாட்டுப் பக்கங்களை ஆராய்ச்சிக்காரர்களிடம் கொடுங்கள். எனக்குக் கடைசியிலிருக்கும் பேஸ்டல் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினால் போதும். முட்டைக்கோஸ் வைத்துச் செய்வதற்கு மாவை எந்தப் பதத்தில் பிசைய வேண்டும் என்று அதில் இருக்கிறது. அம்மா இருந்தவரை இருவரும் சேர்ந்து எத்தனையோ தரம் செய்து பார்த்துவிட்டோம். எண்ணெயில் போட்டதும் ஓரம் பிரிந்துவிடுகிறது.